கொடைக்கானல் கீழ்மலை: தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆளும் ஆலோசனையும் வேண்டும்

நண்பர்களே, மாசி பிறந்தால் சரிவெல்லாம் போதைப்புல் என்ற உயரமான மலைப்புல்லும் உண்ணிச்செடியும் காய்ந்து நிற்கும். அதற்குள் ஊரைச் சுற்றி, வனத்துறை அனுமதியோடு, தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்பூண்டு நீக்கிய வெற்று மண் பட்டை) வெட்டியாக வேண்டும்.

அகலம் குறைந்தது 3 மீட்டர்; நெஞ்சளவு புல் இருந்தால் 6. வெறும் மண் தெரியும்வரை சுரண்ட வேண்டும். சருகோ வேரோ மிச்சமிருந்தால் நெருப்பு அடியில் கனன்று மறுபுறம் கிளம்பிவிடும். சரிவின் நடுவே வெட்டினால் எரியும் கட்டை உருண்டு கோட்டைத் தாண்டும். முகட்டுக்குச் சற்றுப் பின்னால் வெட்டுவதே நல்லது. எங்கள் சிக்கலும் அங்கேதான்: முகட்டில் காப்பித் தோட்டம். கோட்டை எப்படி வளைப்பது? அனுபவமுள்ளவர்கள் நேரில் வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பான், சருகு ஊதும் இயந்திரம், மண்வெட்டி இரவல் கொடுத்தாலும் போதும். வருபவர்கள் முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

தப்பும் வழிகளையும் குறிக்க வேண்டும். பகலில் காற்று மேல்நோக்கி வீசும், தீயும் ஏற்றத்தில்தான் பாயும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீக்கு 23 உயிர்களை இழந்தோம். முதியவர்களைப் பக்கவாட்டில் வெளியேற்ற ஜீப் ஓட்டுநர்கள் யாராவது முன்வருவீர்களா?