அப்பாவுக்கு குதிகால்ல கறுப்புத் திட்டு, இப்ப தொடை இடுக்குல நெறி, மெலனோமான்னு ரிப்போர்ட் வந்திருக்கு

குடவாசல்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, விவசாயம், செருப்புப் போட்டு வயல்ல இறங்குற ஆளே இல்ல. இடது குதிகால்ல ஒரு கறுப்புத் திட்டு ரொம்ப நாளா இருந்துச்சு, எதுவோ குத்தி ரத்தம் கட்டியிருக்குன்னு விட்டுட்டோம், அப்புறம் அது வெடிச்சு நீர் வடியவும் இங்க ஒரு டாக்டர் கால் ஆணின்னு சொல்லி செதுக்கி கட்டுப் போட்டு அனுப்பிட்டாரு, செதுக்குனத டெஸ்டுக்கு அனுப்பல. குறுவை அறுப்பு சமயத்துல தொடை இடுக்குல நெறி கட்டுச்சு, வலியே இல்ல, கால்ல புண்ணு இருந்தா நெறி கட்டத்தான் செய்யும்னு மாத்திரை குடுத்தாங்க, குறையல. இப்ப தஞ்சாவூர்ல ஊசி போட்டு எடுத்துப் பாத்ததுல மெட்டாஸ்டேடிக் மெலனோமாவாம், அதாவது பரவுன தோல் கேன்சராம், சிடி ஸ்கேன்ல நுரையீரல்லயும் புள்ளி தெரியுது. இது வெள்ளைக்காரங்களுக்கு வெயில்னால வர்றதுன்னுதான் போட்டிருக்கு, உள்ளங்கால்ல எப்படி வந்துச்சு? கத்தி பட்டதாலதான் பரவிடுச்சுன்னு சித்தப்பா குதிக்கிறாரு. கால எடுத்துருவாங்களா?

லேப்_அக்கா:
தம்பி, நான் பெத்தாலஜி லேப்ல இருக்கேன். தோலுக்கு நிறம் குடுக்குற செல்லு மெலனோசைட், அதுல வர்ற கேன்சர்தான் இது. வெள்ளைத்தோல்காரங்களுக்கு பெரும்பாலும் வெயிலு காரணம். நம்ம நிறத்து ஆளுங்களுக்கு வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் அதிகம், ஆக்ரல் மெலனோமான்னு தனி வகை, அதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்ல. பாடகர் பாப் மார்லிக்கு கால் கட்டைவிரல்ல வந்தது இதான், 1977ல கண்டுபிடிச்சாங்க, விரல எடுக்க அவரு ஒத்துக்கல, நுரையீரல் மூளைன்னு பரவி 1981ல 36 வயசுல போயிட்டாரு.

செதுக்குனதால பரவலப்பா, சித்தப்பாகிட்ட சொல்லு. அது தோலுக்குள்ள எத்தன மில்லிமீட்டர் இறங்கியிருக்குங்கறதுதான் கணக்கு, வெடிச்சு நீர் வடியுதுன்னாலே முத்துன அறிகுறி. அங்கேர்ந்து நிணநீர் வழியா முதல்ல தொடை இடுக்கு நெறிக்கு வரும், ரத்தத்துல கலந்தா நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை. அந்த நெறியில ஊசி போட்டு இழுக்குறப்ப சில பேருக்கு கறுப்பாவே வரும், ஸ்லைடுல தடவும்போதே நமக்கு பகீர்னு இருக்கும். ஆனா செதுக்குன துண்ட தூக்கிப் போட்டாரு பாரு, அதுக்கு அந்த டாக்டர்கிட்ட சண்டையே போடலாம்.

இயற்கை_வழி:
கீமோ எல்லாம் பணம் புடுங்குற வேலை. சித்த வைத்தியத்துல பத்திய மருந்து இருக்கு, தனியா மெசேஜ் பண்ணுங்க.

வலங்கைமான்_மருமகன்:
மேல உள்ளவரு சொல்றத கேக்காதீங்க. எங்க மாமியாருக்கு இதே வியாதி, பத்தியம்னு உக்காந்து நாள கடத்துனதுலதான் ஈரல் வரைக்கும் போச்சு.

தம்பி, நுரையீரலுக்குப் போனப்புறம் கால எடுத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல, அதனால எடுத்த எடுப்புல ஆபரேஷன்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க. புண்ணு ரொம்ப தொந்தரவு குடுத்தா அத மட்டும் சுத்தி அகலமா வெட்டி எடுப்பாங்க. முக்கிய வைத்தியம் இம்யூனோதெரபி. நம்ம உடம்போட எதிர்ப்பு செல்லுக்கு ஒரு பிரேக் இருக்கு, கேன்சர் அத அமுக்கி வெச்சுக்கும், இந்த மருந்து அந்த பிரேக்க விடுவிச்சிடும், அவ்வளவுதான். இந்த வகை மருந்துல இபிலிமுமாப் 2011லயும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் 2014லயும் அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, அதுக்கு முன்னாடி இந்த ஸ்டேஜ்ல பாதிப் பேரு ஒரு வருஷம்கூட தாண்டல. நிவோவும் இபியும் சேத்துக் குடுத்த ஒரு பெரிய ஆய்வுல 10 வருஷம் கழிச்சு 43 சதவீதம் பேரு உயிரோட இருந்தாங்க. ஆனா அதுல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, ஆக்ரலுக்கு அந்த அளவு கேக்காதுன்னு டாக்டரே வெளிப்படையா சொல்லிட்டாரு, நானும் ஒளிக்க விரும்பல.

விலைதான் இடிக்கும், எங்களுக்கு ஒரு டோஸே லட்சத்த தாண்டுச்சு. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம், இந்த மருந்து அதுல வருமான்னு போன உடனே காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க, மருந்துக் கம்பெனி உதவித் திட்டமும் இருக்கும், ஆஸ்பத்திரியில சோஷியல் ஒர்க்கர் இருந்தா அவுங்கள புடிச்சா போதும். நாங்க பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி போனோம், சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.

குடவாசல்_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. கீமோ மாதிரி முடி கொட்டி வாந்தி எடுப்பாங்களான்னு அம்மா பயப்படுறாங்க.

வலங்கைமான்_மருமகன்:
முடி கொட்டாது, மாமியாருக்கு ஜடை அப்படியே இருக்கு. இதுல வேற தொல்லை, தூண்டி விட்ட எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே கடிக்கும். வயித்தால போகும், வறட்டு இருமல், மூச்சு வாங்கும், தைராய்டு அடி வாங்கும். எங்களுக்கு வயித்தால போனப்ப நேத்து வெச்ச மீன் குழம்புனாலன்னு நெனச்சு மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருந்தோம், கடைசியில ஸ்டீராய்டு போட்டுத்தான் நின்னுச்சு. மருந்து ஏத்துன ஆளுக்கு எது வந்தாலும் கேன்சர் டாக்டருக்குத்தான் முதல் போன்.

லேப்_அக்கா:
இன்னும் ரெண்டு விஷயம். பிராஃப், கிட்னு ரெண்டு மரபணுவுல மாற்றம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லி கண்டிப்பா கேளு. பிராஃப் மாற்றம் இருந்தா டப்ராஃபெனிப், டிராமெடினிப் மாத்திரை இருக்கு, சீக்கிரம் கேக்கும், ஆனா பல பேருக்கு கொஞ்ச நாள்ல கேன்சர் அந்த மருந்துக்குப் பழகி கேக்காம போயிடும். கிட் மாற்றம் இருந்தா இமாட்டினிப் மாத்திரை சில பேருக்கு வேலை செய்யுது. ஆக்ரல்ல பிராஃப் கம்மிதான், அதுக்காக விட்டுடாத. தலைக்கு எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்லுவாங்க, இது மூளைக்குப் போற வியாதி, சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சா அந்த இடத்துக்கு மட்டும் கதிர் குடுக்கலாம். ஊசியில எடுத்தது இந்த டெஸ்டுக்கெல்லாம் பத்தாம போகலாம், அப்ப நெறியிலேர்ந்து திரும்ப சதை எடுப்பாங்க, பயப்படாத. தஞ்சாவூர்லேர்ந்து கிளம்புறப்ப ரிப்போர்ட் பேப்பரோட நிக்காம ஸ்லைடு, பிளாக் (மெழுகுல பதிச்சு வெச்ச சாம்பிள்) ரெண்டையும் எழுதிக் குடுத்து வாங்கிக்க, இல்லன்னா அதுக்குன்னே திரும்ப பஸ் ஏறணும்.