சோழவந்தான் வீடு குழு: புதன்கிழமை இரவு

சித்தி, 7:35: (வீடியோ பகிர்வு) இது பெரிய மாமா அனு வளைகாப்புக்கு அமெரிக்கா போகிற கப்பலா? மேசை நாற்காலி எல்லாம் உருளுது. எனக்குப் பதறுது. யாராவது பேசினீங்களா?

கோமதி அத்தை, 7:36: முருகா

பாலு சித்தப்பா, 7:36: யார் அனுப்பினது?

சித்தி, 7:37: தங்கச்சி குரூப்பில் வந்தது

நான், 7:38: சித்தி, பழைய வீடியோ. இதே குழுவில் போன வருஷமும் வந்தது. அது பெரியப்பா கப்பல் இல்லை, வேற கப்பல்.

கோமதி அத்தை, 7:39: நேத்து ராத்திரியிலிருந்து மதினிக்கு அனுப்பினது எல்லாம் ஒத்தை டிக்

அனு நியூஜெர்சி, 7:41: அத்தை, அப்பா ஒரு போனுக்குத்தான் இணையம் வாங்கியிருக்கார். அம்மா போன் சும்மாதான் கிடக்கு. காலையில் பேசினேன், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அதை விடுங்க. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு எத்தனை மணிக்கு? ஹாலுக்கு இன்னிக்குச் சொல்லணும்.

பாலு சித்தப்பா, 7:42: ஒரு போனுக்கு மட்டும். அண்ணன்தான்

கோமதி அத்தை, 7:44: ஹால் எடுத்தாச்சா. எனக்குக் குழுவில் பார்த்துத்தான் தெரியுது

அனு நியூஜெர்சி, 7:44: அத்தை, நான் போன் பண்ணினேனே

கோமதி அத்தை, 7:45: நீ பண்ணினாய்மா. நான் உன்னைச் சொல்லலை

பெரியப்பா, 7:52: எல்லோருக்கும் வணக்கம். யாரும் பதற வேண்டாம். இங்கே இப்போது காலை 11:22. கடல் அமைதியாக இருக்கிறது. இரண்டாவது நாள் இரவு மட்டும் கொஞ்சம் ஆடியது. இது சும்மா உல்லாசக் கப்பல் இல்லை. குயின் மேரி 2 வட அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே கட்டி 2004இல் ஓட விட்ட கப்பல். நீளம் 345 மீட்டர். ரயில் கணக்கில் எல்.எச்.பி. என்கிற புது மாதிரிப் பயணிகள் பெட்டி பதினாலு சேர்ந்தாற்போல. முன்பக்கம் நீளமாக, கூராக இருக்கும். அலை வந்தால் கிழித்துக்கொண்டு போகும். ஆட்டம் குறைக்க அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இறக்கை வெளியே நீளும். இன்ஜின் விஷயம் கேட்டால் பாலு சந்தோஷப்படுவான். டீசல் இன்ஜினும் கேஸ் டர்பைனும் மின்சாரம் தயாரிக்கின்றன. அந்த மின்சாரத்தில் மோட்டார் சுற்றிக் கப்பலைத் தள்ளும் விசிறியை ஓட்டுகிறது. பொன்மலை ரயில் பட்டறையில் நான் பிரித்து மாட்டிய டீசல் லோகோவும் இதே முறைதான். மோட்டார் நான்கும் கப்பலுக்கு அடியில் கூண்டில் தொங்குகின்றன. பின்னால் இருக்கும் இரண்டும் முழுதாகத் திரும்பும். அதனால் திசை திருப்பத் தனியாகச் சுக்கானே கிடையாது.

பாலு சித்தப்பா, 7:53: சரிண்ணே. பட்டா விஷயம் என்ன ஆச்சு

சித்தி, 7:53: சுக்கான் இல்லையா?!

அனு நியூஜெர்சி, 7:54: அப்பா, மணி

பாலு சித்தப்பா, 7:55: காது ஆபரேஷன், டாக்டர் விமானம் வேண்டாம்னார், அதான் கப்பல்னு சொன்னாங்க. இப்ப பார்த்தா அண்ணனுக்குக் காதை விட இன்ஜின்தான் முக்கியம்

சித்தி, 7:56: டைட்டானிக் முங்கினதும் அந்தப் பக்கம்தானே

நான், 7:56: சித்தி!

பாலு சித்தப்பா, 7:57: நீ போனைக் கீழே வை

பெரியப்பா, 8:03: கேட்டது நல்லதுதான், பதில் சொல்கிறேன். ஆம், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கேதான் அது. 1912 ஏப்ரல். சுமார் 2,200 பேர் இருந்த கப்பலில் படகு 20தான். பாதிப் பேருக்குத்தான் இடம். அதற்குப் பிறகுதான் 1914இல் பல நாடுகள் கூடி, ஆளுக்கொரு இடம் படகில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பனிப்பாறையைக் கண்காணிக்கவும் அப்போது ஆரம்பித்த ரோந்து இன்றைக்கும் நடக்கிறது. ஏறியதுமே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு குட்டைச் சங்கு, ஒரு நெட்டைச் சங்கு ஊதினால் மிதவைச் சட்டையோடு அவரவர் இடத்தில் போய் நிற்க வேண்டும். நேற்று இரவு முழுக்கப் பனிமூட்டம். தெற்கே இருந்து வரும் வெந்நீரோட்டமும் வடக்கே இருந்து வரும் குளிர்நீரோட்டமும் இங்கே சந்திக்கின்றன, அதனால் இந்தப் பருவத்தில் மூட்டம் சகஜம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சங்கு. உங்கள் பெரியம்மா தூங்கவே இல்லை. எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

கோமதி அத்தை, 8:04: ரயிலில் தூங்கினவருக்கு என்ன

கோமதி அத்தை, 8:05: மதினி சாப்பிட்டாங்களா. அதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க

பெரியப்பா, 8:11: கோமதி, நான் மதினி. இவர் போனைப் பிடுங்கித்தான் எழுதுகிறேன். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. பரிமாறுகிற தம்பி நாகர்கோவில். முதல் நாளே என் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டான், தயிர் சாதம் வேணுமாம்மா என்று. மறுநாளிலிருந்து மோர் மிளகாயோடு வருகிறது. ஒன்பது மாதம் கப்பலிலேயே வேலையாம், பொங்கலுக்குத்தான் வீட்டுக்குப் போவானாம். அவன் அம்மா நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். அறையில் விளக்கு ஏற்றக்கூடாது, ஊதுபத்தி கூடாது. பேட்டரி விளக்கைத்தான் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இஸ்திரிப் பெட்டியும் அறையில் கூடாது. துணி துவைக்கிற அறை தனியாக இருக்கிறது, காசு இல்லை. அங்கேதான் கப்பலில் உள்ள அத்தனை வீட்டுக் கதையும் கிடைக்கும். அனு புடவையைத் தேய்க்கப் போனேன், நாலு வெள்ளைக்காரப் பொம்பளைகள் ஜரிகையைத் தொட்டுப் பார்க்கச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

அனு நியூஜெர்சி, 8:12: அம்மா வளையல்??

பெரியப்பா, 8:15: பத்திரம். அன்றைக்கு ராத்திரி ஆட்டத்தில் பெட்டிக்குள் கலகலவென்று ஒரே சத்தம். எழுந்து ஒவ்வொரு டஜனையும் துண்டுக்குள் சுற்றித் தலையணைக்கு நடுவில் வைத்தேன். காலையில் பிரித்து எண்ணினேன். ஒன்றுகூட உடையவில்லை.

சித்தி, 8:16: நல்ல சகுனம்

கோமதி அத்தை, 8:16: பச்சையும் சிவப்பும் கலந்து வாங்கினீங்களா மதினி

பெரியப்பா, 8:17: நீ சொன்ன மாதிரியேதான்

செந்தில் லண்டன், 8:19: அம்மா, தைராய்டு மாத்திரை? தினமும் மணி மாறுதே

பெரியப்பா, 8:23: (நான் திரும்ப வந்துவிட்டேன்) இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். கப்பல் அதை ஒரே நாளில் தள்ளுவதில்லை. ஏழு இரவில் ஐந்து இரவு, அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள். அதாவது அந்த நாளுக்கு 25 மணி நேரம். இன்னும் ஒரே ஒரு மணிதான் பாக்கி. விமானத்தில் போனால் உடம்பு ஒரு வாரம் தடுமாறும். இங்கே தூக்கமும் பசியும் தானாகக் கூடவே நகர்கின்றன. வெள்ளிக்கிழமை இறங்கும்போது நாங்கள் அனு வீட்டு நேரத்திலேயே இருப்போம். மாத்திரை காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில். கப்பல் டாக்டரிடமும் கேட்டாயிற்று.

கார்த்தி, 8:24: பெரியப்பா கப்பலில் நாய் உண்டாமே

பெரியப்பா, 8:26: உண்டு. மேல் தளத்தில் அதுகளுக்குத் தனி அறை, பார்த்துக்கொள்ள ஆள். லண்டன் நாய்க்கு ஒரு விளக்குக் கம்பம், நியூயார்க் நாய்க்கு ஒரு தீயணைப்புக் குழாய், காலைத் தூக்க நட்டு வைத்திருக்கிறார்கள்.

கோமதி அத்தை, 8:27: நாய்க்கெல்லாம் முறையாகச் செய்றாங்க

பாலு சித்தப்பா, 8:28: ஆரம்பிச்சாச்சு

அனு நியூஜெர்சி, 8:28: அப்பா ப்ளீஸ். காலை 10 மணி சொல்லவா?

பெரியப்பா, 8:31: (குரல் பதிவு, 14 வினாடி) நண்பகல் சங்கு, கேளுங்கள். இதில் ஒரு சங்கு பழைய குயின் மேரி கப்பலுடையது. இனி கேப்டன் இருப்பிடம், காற்று, கடல் ஆழம் எல்லாம் சொல்வார். கொஞ்சம் இருங்கள்.

சித்தி, 8:32: ஞாயிறு ராகு காலம் 4:30 டு 6. அதை நம்ம மணியில் பார்க்கணுமா அங்கே மணியிலா

பாலு சித்தப்பா, 8:33: குழந்தை பிறக்கப் போறது அங்கே. அங்கே மணிதான்

கோமதி அத்தை, 8:33: ஊர்ப் பஞ்சாங்கம்தான். அம்மா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பா

பெரியப்பா, 8:44: ராகு காலம் சூரியனை வைத்துத்தான். உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. நியூஜெர்சியில் இப்போது எட்டரைக்குத்தான் இருட்டுகிறது. அதனால் அங்கே ராகு காலமே மாலை ஆறரைக்கு மேல். காலை 10 எந்தக் கணக்கிலும் நல்ல நேரம். அப்போது நமக்கு இரவு 7:30.

பெரியப்பா, 8:46: கோமதி, நான் முறையாகக் கூப்பிடவில்லை என்பது உன் வருத்தம். வெள்ளிக்கிழமை இறங்கியதும் நானே போன் செய்து கூப்பிடுகிறேன். உன் பங்கு வளையலை மதினி தனியாக முடிந்து வைத்திருக்கிறாள். அதை உன் பேர் சொல்லித்தான் போடுவாள்.

கோமதி அத்தை, 8:52: பிள்ளைக்கு அஞ்சு வகை சாதம் உண்டா

அனு நியூஜெர்சி, 8:53: உண்டு அத்தை. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், அப்புறம் சர்க்கரைப் பொங்கல்

கோமதி அத்தை, 8:53: சர்க்கரைப் பொங்கல் ஹாலில் வாங்காதே. உங்கம்மா செய்யட்டும்

பாலு சித்தப்பா, 8:55: அண்ணே பட்டா

பாலு சித்தப்பா, 8:58: அண்ணே

நான், 9:01: சித்தப்பா, ஒத்தை டிக்

அனு நியூஜெர்சி, 9:04: ஹாலுக்கு 10 மணின்னு சொல்லிட்டேன். மாத்தணும்னா நாளைக்குள் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை விடியக்காலை பாலத்துக்கு அடியில் கப்பல் போறதை அப்பா பார்க்கணுமாம். இறங்க எட்டாவது ஆகும். புரூக்ளினுக்கு இவர் கார் எடுத்துட்டுப் போறார்.

சித்தி, 9:06: 7:30 எனக்குச் சமையல் நேரம். எட்டு ஆக்க முடியாதா