எஸ்எஃப்பி மாட்யூல் பொய் சொன்னால்: டிரைவரில் க்விர்க் போடுவதா, ஈப்ராமைத் திருத்துவதா?

தரமணி_கர்னல்:
ஜிபான் ஸ்டிக்கை (ஃபைபர் இணைய இணைப்புக்கான எஸ்எஃப்பி, அதாவது போர்ட்டில் செருகும் சிறு மாட்யூல்) லினக்ஸ் ரவுட்டர் போர்டில் செருகினால் 1 ஜிகாபிட்டோடு நின்றுவிடுகிறது என்று இங்கே ஒரு கேள்வி வந்தது. அதற்கு அடையாறு_ஃபைபர், “ஈப்ராமைத் திருத்தி எழுதுங்க, டிரைவரைத் தொடவே வேண்டாம்” என்று பதில் போட்டிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஈப்ராம் என்பது மாட்யூல் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் நினைவகம்; க்விர்க் என்பது ஒரு குறிப்பிட்ட மாட்யூலுக்காக டிரைவரில் எழுதும் விதிவிலக்கு.

டிரைவர் வேகத்தை எதை வைத்து முடிவு செய்கிறது? ஐ2சி (போர்டு மாட்யூலோடு பேசும் இரண்டு கம்பித் தடம்) முகவரி ஹெக்ஸ் 50-இல் இருக்கும் ஈப்ராமின் 12-வது பைட்டில் வேகம் இருக்கும். அலகு 100 மெகாபாட். ஹுவாவே எம்ஏ5671ஏ அங்கே 1.2 ஜிகாபாட் என்கிறது. அதை நம்பினால் 1000பேஸ்-எக்ஸ் (1 ஜிகாபிட்) மட்டும்தான் கிடைக்கும். உண்மையில் அந்த ஸ்டிக் 2500பேஸ்-எக்ஸில் (2.5 ஜிகாபிட்) ஓடும். அதனால்தான் கர்னலின் எஸ்எஃப்பி.சி கோப்பில் க்விர்க் பட்டியல் இருக்கிறது: தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், செய்ய வேண்டிய திருத்தம். எம்ஏ5671ஏ-க்கு ஒரே வரி. அந்த வரி 2500-ஐச் சேர்ப்பதோடு டிஎக்ஸ் ஃபால்ட் (லேசர் பழுது சைகை) பின்னையும் கண்டுகொள்ளாதே என்கிறது. இந்த இரண்டாவது திருத்தத்தை ஈப்ராமில் எங்கே எழுதுவீங்க சார்?

அடையாறு_ஃபைபர்:
டிஎக்ஸ் ஃபால்ட் விஷயத்தில் நீங்க சொல்றது சரி. சில ஸ்டிக்குகள் அந்தப் பின்னை சீரியல் போர்ட்டுக்குப் பயன்படுத்தற மாதிரி இருக்கு. பின் ஆடிக்கிட்டே இருக்கும், டிரைவர் லேசர் பழுதுன்னு எடுத்துக்கும், லேசரை அணைக்கற டிஎக்ஸ் டிசேபிளைத் தட்டி மீட்டுப் பார்க்கும், அஞ்சு முயற்சிக்கு அப்புறம் கைவிட்டுடும். அது டிரைவர் பக்கம்தான் தீரணும். ஆனா எல்ஓஎஸ் (ஒளி வரலைன்னு சொல்ற சைகை) அப்படி இல்லை. 65-வது பைட்டில் எல்ஓஎஸ்ஸுக்கு ரெண்டு பிட் இருக்கு. ரெண்டையும் 0 ஆக்கினா எல்ஓஎஸ் இல்லைன்னு டிரைவரே எடுத்துக்கும்.

என் வாதம் வேற. க்விர்க் எதை வைத்துப் பொருத்துது? பெயரை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கற 10ஜி காப்பர் மாட்யூலைப் படிச்சுப் பாருங்க: தயாரிப்பாளர் “ஓஇஎம்”, பார்ட் நம்பர் “எஸ்எஃப்பி-10ஜி-டி”. இதே பெயருக்குக் கர்னல் பட்டியலில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கு. உள்ளே காப்பர் லைனை ஓட்டற பிஹெச்ஒய் சிப்போட ரோல்பால் நெறிமுறையில் பேசுன்னு சொல்லுது. ஆனா ஓஇஎம்ங்கறது யாருடைய பெயருமே இல்லையே. அதே ஸ்டிக்கர், அதே எழுத்து, உள்ளே வேற பிஹெச்ஒய் சிப் வந்தா க்விர்க் தப்பான மாட்யூலில் போய் உட்காரும். ஈப்ராமைத் திருத்தினா அந்த ஒரு மாட்யூல் மட்டும்தான் மாறும்.

இன்னொண்ணு. கர்னலே இதைச் செய்யுது. காட்ஸ்வொர்க்ஸ் மாட்யூல்களில் முதல் பைட்டுகள் தப்பா இருந்தா, சரியான மதிப்பை ஈப்ராமில் எழுதற கோடு அதே எஸ்எஃப்பி.சி-யில்தான் இருக்கு.

தரமணி_கர்னல்:
காட்ஸ்வொர்க்ஸ் விதிவிலக்கு. ஓஇஎம் பெயர்க் குழப்பத்தை மறுக்கவில்லை. ஆனால் ஜிபான் ஸ்டிக்கில் ஈப்ராம் என்று தனி சிப்பே பல நேரம் கிடையாது. உள்ளே ஒரு முழு கணினி ஓடுகிறது, அதன் மென்பொருள்தான் ஈப்ராம் போலப் பதில் சொல்கிறது. நீங்கள் எழுதியது அடுத்த பவர் கட்டில் போய்விடலாம்.

படிப்பதிலேயே தகராறு இருக்கிறது. ரியல்டெக் ஆர்டிஎல்9601சி சிப் உள்ள ஸ்டிக்குகளில் பல பைட்டுகளைச் சேர்த்துப் படித்தால் தரவு கெட்டுவிடும். ஒவ்வொரு பைட்டாகத்தான் கேட்க வேண்டும். நோக்கியாவின் 3எஃப்இ46541ஏஏ நேர் எதிர்: ஹெக்ஸ் 51 முகவரியை (வெப்பம், ஒளி அளவு இருக்கும் பகுதி) ஒற்றை பைட்டாகப் படித்தால் அது தொங்கிவிடும். எஸ்எஃப்எஃப்-8472 தரமும் வெப்பம், ஒளி அளவு போன்ற இரண்டு பைட் மதிப்புகளைச் சேர்த்தே படிக்கச் சொல்கிறது, இல்லாவிட்டால் பாதி பழைய மதிப்பும் பாதி புதியதுமாக வரும். இந்த இரண்டு ஸ்டிக்கும் ஒரே போர்டில் ஓட வேண்டுமென்றால் தீர்ப்பு சொல்ல வேண்டியது டிரைவர்தான்.

ரிச்சி_தெரு:
அண்ணே, சாதாரண ஆப்டிகல் மாட்யூல்தான், ஸ்டிக் இல்லை. 10ஜி-ன்னு வாங்கினது, 12-வது பைட்டில் தப்பான எண் இருக்கு. எழுதணும்னா எங்கே சொதப்பும்?

அடையாறு_ஃபைபர்:
இதுக்கு ஈப்ராம்தான் சரி, தம்பி. முதல்ல 256 பைட்டையும் படிச்சு ஃபைலா வைங்க. ரெண்டு தடவை படிச்சு ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் வந்தா எழுதவே கூடாது.

12-ஐ மாத்தினா 63-வது பைட்டையும் மாத்தணும். 0 முதல் 62 வரை எல்லா பைட்டையும் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதிதான் அது. அது தப்பினா கர்னல் மாட்யூலையே ஏத்துக்காது. 64 முதல் 94 வரைக்கு 95-வது பைட்டில் தனிக் கூட்டல். அது தப்பினா மாட்யூல் எழும், ஆனா அந்தப் பகுதி முழுக்க 0-ன்னு எடுத்துக்கும், வெப்பமும் ஒளி அளவும் காட்டாது. நிறைய பேர் 64-94-இல் எதையாவது மாத்திட்டு, 63-ஐ மட்டும் சரிபண்ணி 95-ஐ மறந்துடறாங்க.

ஒரு பைட் எழுதி 10 மில்லிசெகண்ட் விடுங்க. எழுதியும் பழைய மதிப்பே வந்தா கடவுச்சொல் பூட்டு. ஹெக்ஸ் 51-இல் 123 முதல் 126 வரை நாலு பைட் அதுக்குத்தான். தெரியாம குருட்டாம்போக்கில் எழுதிப் பார்க்காதீங்க. சிஎச்341ஏ புரோகிராமர்னா மீட்டர் வச்சு டேட்டா லைனைப் பாருங்க. கருப்பு போர்டுகளில் அங்கே 5 வோல்ட் வருது. எஸ்எஃப்பி 3.3 வோல்ட் பொருள்.

அம்பத்தூர்_ரேக்:
ரெண்டு பேரும் போர்டு வகையைச் சொல்லாமலே பேசறீங்க. எஸ்எஃப்பி.சி க்விர்க் வேலை செய்யணும்னா ஐ2சி-யும் ஜிபிஐஓ-வும் (பின்களைப் படிக்கற, ஆட்டற கம்பிகள்) கர்னல் கையில் இருக்கணும். மீடியாடெக், மார்வெல் ஆர்மடா போர்டுகளில் அப்படித்தான். பிசிஐஇ கார்டில் கதை வேற. இன்டெல் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் தானே படிச்சு, பிடிக்காத மாட்யூல்னா லோடாகவே மறுக்கும். “அலோ_அன்சப்போர்ட்டட்_எஸ்எஃப்பி” அளவுருவை 1 ஆக்கணும். கர்னலோடு வர்ற டிரைவருக்கு அது போதும். இன்டெல் தனியா தர்ற டிரைவர்ல இரட்டை போர்ட் கார்டுன்னா “1,1”. அதில் ஒண்ணு மட்டும் கொடுத்தா ரெண்டாவது போர்ட் பழையபடியே இருக்கும். சர்வர்காரங்களுக்கு உங்க க்விர்க் வரியால ஒரு பயனும் இல்லை.

தரமணி_கர்னல்:
உண்மை, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கர்னல் கையில் இருக்கும் போர்டிலும் பாதிப் புகார் மாட்யூலால் வருவதில்லை, டிவைஸ் ட்ரீயால் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) வருகிறது. டிஎக்ஸ் டிசேபிளின் துருவம் தலைகீழாக எழுதியிருந்தால் மாட்யூல் தெரியும், ஈத்டூல் -எம் விவரம் காட்டும், லேசர் மட்டும் எரியாது. அதிகபட்ச மின்சாரம் எழுதாமல் விட்டால் டிரைவர் 1000 மில்லிவாட் என்றே வைத்துக்கொள்ளும். 1.5 வாட், 2 வாட் என்று அறிவிக்கும் மாட்யூல் அங்கே முழு வலுவில் எழாது.

அடையாறு_ஃபைபர்:
அறிவிக்கறதுதான் பிரச்சினையே. 10ஜி காப்பர் மாட்யூல் 2.5 வாட் இழுத்துக்கிட்டு, 64-வது பைட்டில் 1 வாட்னு எழுதி வச்சிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தெருவோரப் பெட்டிக்குள்ளே, 70 டிகிரி வரைதான் தாங்கற மாட்யூலுக்கு அது சாவுமணி. அங்கே க்விர்க்கும் வேண்டாம், ஈப்ராமும் வேண்டாம்; ஃபைபர் மாட்யூலைப் போடுங்க.

தரமணி_கர்னல்:
அந்த இடத்தில் உங்களோடு நிற்கிறேன். ஓஇஎம் பெயருக்கு மட்டும் ஒன்று கேட்கிறேன்: யாராவது அதே பெயரில் வேறு சிப் உள்ள மாட்யூல் வைத்திருந்தால் 256 பைட் பதிவை ஹெக்ஸாக இங்கே போடுங்கள். சீரியல் நம்பர் 68 முதல் 83 வரை இருக்கும், அதை மறைத்துவிடலாம். தேதி, 60-61, 36-வது பைட் இவற்றில் எது வேறுபடுகிறது என்று தெரிந்தால் பெயரோடு அதையும் சேர்த்துப் பொருத்தும் பேட்சை எழுதலாம்.

ரிச்சி_தெரு:
என்கிட்ட அதே பெயரில் ரெண்டு காப்பர் மாட்யூல் இருக்கு அண்ணே. ராத்திரி ரெண்டையும் படிச்சுப் போடறேன்.