மழை பெய்தால் பாத்ரூமில் சாக்கடை: லெவல் பார்க்கத் தெரிந்த சிவில் இன்ஜினியர் வேண்டும்

வணக்கம். சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர்த் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. சாதாரண நாளில் ஒரு தொல்லையும் இல்லை, ஆனால் அரை மணி நேரம் நல்ல மழை அடித்தால் போதும், கீழ்த்தளத்து பாத்ரூம் தரைச் சல்லடை வழியாகக் குபுகுபுவென்று கறுப்புத் தண்ணீர் மேலே வருகிறது. போன வாரம் அம்மாவின் ரப்பர் செருப்பு அதில் மிதந்துகொண்டிருந்தது.

புகார் கொடுத்தால் லாரி வந்து மேன்ஹோலை உறிஞ்சிவிட்டுப் போகிறது, அடுத்த மழைக்குப் பழைய கதைதான். என் சந்தேகம், தெருவில் சிலர் மொட்டை மாடித் தண்ணீரைப் பாதாள சாக்கடையிலேயே விட்டிருக்கிறார்கள். 2003லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது, இருந்தும் இந்த நிலை. அல்லது குழாயின் சரிவே தப்பாக இருக்கலாம்; விநாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லையென்றால் மண் அடியில் தங்கிவிடும் என்று படித்தேன்.

ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் சர்வே கருவி) வைத்து மேன்ஹோல்களின் அடிமட்டம் எடுத்துத் தர யாராவது இருக்கிறார்களா? சுமார் என்ன செலவாகும்? மாடிக் குழாயில் சாயம் கரைத்து ஊற்றி, எந்த வீட்டுத் தண்ணீர் வருகிறது என்று பார்ப்பதை நாமே செய்யலாமா, அனுமதி வேண்டுமா? அப்புறம், நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அது மூடியிருக்கும் நேரத்தில் நம் வீட்டுத் தண்ணீர் எங்கே போகும்?

மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கிப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், ப்ளீஸ்.