காரைக்குடி வட்டாரத்துக்கு ‘ஸ்மார்ட் டிராஃபிக்’: மனுவின் முதல் பக்கத்தில் எதை எழுதுவது?

கல்லுக்கட்டிக் கடைக்காரன் (கேள்வி)

வணக்கம். கல்லுக்கட்டிப் பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம்தான் தொழில். போக்குவரத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், சரக்கு ஏற்ற வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் தினமும் திட்டு வாங்குவது.

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ‘இனி நமக்கும் பெரிய ஊர் வசதி வேண்டும்’ என்று கடைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். எழுதும் வேலை என் தலையில். போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் வந்து சுவரில் படம் போட்டுக் காட்டினார். பெரியார் சிலையிலிருந்து நூறடி ரோடு வரைக்கும் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் சிக்னல், மூலைக்கு மூலை கேமரா, பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் எல்இடி பலகை, இத்தனையையும் பார்க்க ஒரு கண்ட்ரோல் ரூம். டீயும் முறுக்கும் என் செலவு. படம் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “பள்ளத்தூர் டவுன் பஸ் எங்கே வருகிறது என்று உங்கள் பலகைக்கு யார் சொல்வார்?” அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் இன்டகிரேட் பண்ணிக்கலாம் சார்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் மாமியாருக்குப் பள்ளத்தூர். இரண்டு வாரத்துக்கு முன் மாலை 6.10 வண்டிக்காகப் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்கிறார். அந்த வண்டி அன்றைக்குக் கிளம்பவே இல்லை என்பது, அடுத்த வண்டியில் ஏறி கண்டக்டரிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

நாம் சென்னை இல்லை, சரி. ஆனால் இங்கே யாருடைய நாளும் ஓர் ஊரோடு முடிவதில்லை. புதுவயல் ரைஸ் மில் லாரி, தேவகோட்டையிலிருந்து காலேஜுக்கு வரும் பிள்ளைகள், கானாடுகாத்தானுக்குப் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள், பிள்ளையார்பட்டிக் கூட்டம் என எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. சிக்னலா, கேமராவா, ஆப்பா? முதலில் எதைக் கேட்பது?

மூன்றாம் வருடம் சிவில்

அண்ணே, ஆப்புக்கு யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். பஸ் தடம், நேரம் எல்லாம் எழுதிவைக்க ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது, எந்த மேப் ஆப்பும் அதைப் படித்துக்கொள்ளும். 2005-ல் அமெரிக்காவில் போர்ட்லண்ட் ஊரின் பஸ் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க அதுதான். உள்ளே பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்புகள். நிறுத்தங்கள் ஒன்றில், தடங்கள் ஒன்றில், எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு என்பது இன்னொன்றில். நாலு பேர் நாலு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டவுன் பஸ் தடங்களை எழுதி முடித்துவிடலாம். என் வகுப்புப் பெண்கள் தயார், அவர்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது.

அப்புறம், ஜிபிஎஸ்ஸும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஏ.ஐ.எஸ். 140 என்கிற வாகனத் தரவிதிப்படி 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் பஸ்களில் இடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். அந்தத் தகவல் ஏதோ ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கினால் போதும்.

கோட்டையூர் ஆச்சி

தம்பி, அமெரிக்காவில் 22 வருஷம் ஒரு வட்டாரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் இருந்துவிட்டு, இப்போது கோட்டையூரில் எங்கள் வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனிக்காரரிடம் நீ கேட்டாயே ஒரு கேள்வி, அதைக் கேட்பதற்குத்தான் எனக்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள்.

அங்கே 50,000 பேருக்கு மேல் இருக்கிற ஒவ்வொரு நகர்ப்புறத்துக்கும் ஒரு வட்டாரத் திட்ட அமைப்பு இருந்தாக வேண்டும். ஊர் எல்லை, மாவட்ட எல்லை பார்க்காமல், ஜனங்கள் அன்றாடம் போய்வருகிற அளவுக்கு வட்டம் போடுவார்கள். 2001-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. சிக்னல், கேமரா, அறிவிப்புப் பலகை என்று எதற்கு நெடுஞ்சாலைப் பணம் கேட்டாலும், அந்த வட்டாரத்துக்கென்று ஒரு கட்டமைப்பு வரைபடம் இருக்க வேண்டும், கேட்கிற பொருள் அதில் பொருந்த வேண்டும். நான் முதலில் அதைப் பார்த்தபோது ஏமாந்துபோனேன். அதில் மிஷினே இல்லை. பெட்டிகளும் கோடுகளும்தான். பெட்டி என்றால் ஓர் அலுவலகம். கோடு என்றால் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிய சேதி. அதன் கூடவே, யார் எதை நடத்துவார், யாரோடு யார் என்ன ஒப்பந்தம் எழுதியிருக்கிறார், எந்த வேலை முதலில், எது அதற்குப் பிறகு என்ற விவரம். அவ்வளவுதான்.

இந்த ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். பங்காளி வீட்டை நினைத்துக்கொள். முப்பது பங்கு உள்ள வீடு. அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. வளவும் (நடு முற்றமும்) முகப்பும் பொது. மழையில் வளவு ஓடு சரிந்தால் யார் மாற்றுவது? பேசி வைக்காத வீட்டில் பர்மா தேக்குத் தூண் எத்தனை இருந்தும் ஒழுகும். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு, பார்த்துக்கொள்ள ஆளும் வைத்த வீடு நிற்கும். கேமராவும் பலகையும் அப்படித்தான். நான் வேலை பார்த்த பக்கத்தில் ஓர் ஊர் நிர்வாகம் அழகழகான பஸ் பலகைகளை வைத்தது. மூன்றாம் வருஷம் கரண்ட் பில் ஊருடையதா பஸ் நிறுவனத்துடையதா என்று தகராறு. பலகையெல்லாம் கறுப்பாகி, ஒன்றில் குருவி கூடு கட்டியதை நானே பார்த்தேன்.

சேதி சரியாகப் போகாவிட்டால் உயிரே போகும். 1995 அக்டோபர் 25, இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ரிவர் குரோவ் என்கிற ஊர். பள்ளிக்கூட பஸ் தண்டவாளத்தைத் தாண்டி, எதிரே இருந்த சிவப்பு சிக்னலுக்கு நின்றது. வண்டியின் பின்பக்கம் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ரயில் மோதி 7 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே ரயில்வே கேட்டுக்கும் ரோட்டு சிக்னலுக்கும் ஒயர் இணைப்பு இருந்தது. ரயில் வருகிறது என்றதும் சிக்னல் பச்சையாகி, முன்னால் நிற்கும் வண்டிகளை விடுவிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் பச்சை விழுந்து வண்டி நகர்வதற்குள் ரயில் வந்துவிட்டது. சிக்னல் ஓர் அலுவலகம், கேட் இன்னோர் அலுவலகம். ஒருவர் வைத்த நேரத்துக்கு மற்றவர் வைத்த நேரம் பொருந்தவில்லை. கருவி இருந்தது, பேச்சு இல்லை. இந்தக் கதையைச் சொல்லாமல் நான் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை.

பேச்சு நடந்த இடங்களும் உண்டு. நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் பக்கத்து அமைப்புகள் சேர்ந்து 1986-ல் டிரான்ஸ்காம் என்று ஒன்றை வைத்தார்கள். எந்த வாரம் யார் எந்தப் பாலத்தை, எந்த ரோட்டைத் தோண்டப்போகிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் அதன் ஆரம்ப கால வேலை. ஹூஸ்டனில் 1993-ல் மாநகரம், மாவட்டம், மாநில நெடுஞ்சாலைத் துறை, பஸ் நிறுவனம் என்று நாலு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். பிறகு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தார்கள். நம் சென்னையையே எடுத்துக்கொள். ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே ஆப்பில் டிக்கெட் வந்தது 2025-ல். நடுவே போன பதினைந்து வருஷமும் மென்பொருள் எழுதவா போனது?

நம் வட்டாரத்துப் பெட்டிகளை எண்ணிப்பார். ஊர் ரோடு மாநகராட்சிக்கு. பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறைக்கு. சிக்னலில் நிற்பது போலீஸ். அரசு பஸ்ஸுக்குக் காரைக்குடி மண்டலம், அதற்கு மேலே கும்பகோணம். தனியார் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் பெர்மிட் கொடுக்கிற இடம் வேறு. ரயில் மதுரைக் கோட்டம். 108 தனி. குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடக்கும்போது சிங்கம்புணரி, நத்தம் ரோட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த வாரத்தில் இந்தப் பெட்டிகளுக்குள் யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்று எழுதிப்பார். பாதிப் படம் அதிலேயே வந்துவிடும்.

சிக்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானாக நேரம் மாற்றுகிற சிக்னல் வண்டிகளை எண்ணித்தான் மாற்றும். வெளிநாட்டில் ரோட்டுக்கு அடியில் ஒயர் வளையம் புதைத்து, லேன் லேனாக எண்ணுவார்கள். செக்காலை ரோட்டில் ஏது லேன்? பைக் புகுந்த இடம்தான் லேன். கேமராவை வைத்து எண்ணலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு ஓரமும் வண்டி நிறுத்தி ரோடு பாதியாகச் சுருங்கிக் கிடக்கும்போது எந்த மூளையுள்ள சிக்னலும் அந்தப் பாதியைத்தான் பங்கு போடும். அதற்கு முன் நம் முன்னோர் போட்டுவைத்த தெருவைப் பார். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். நேர்நேராக, ஜோடி ஜோடியாக ஓடுகிற தெருக்கள். ஒன்றில் போக, ஒன்றில் வர என்று ஒருவழி ஆக்கினாலே பல முக்குகளில் சிக்னல் தேவைப்படாது. உன் சரக்கு வண்டிக்கும் பின்கட்டுத் தெருவில் நேரம் ஒதுக்கலாம். இதற்கு எந்தக் கம்பெனியும் படம் போட்டுக் காட்டாது, விற்பதற்கு ஒன்றும் இல்லையே.

ரிட்டயர்டு டைம்கீப்பர், தேவகோட்டை

ஆச்சி சொல்வது சரி. தம்பி சொல்கிற டைம்டேபிளில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் கூண்டில் உட்கார்ந்து வண்டி அனுப்பியவன். பேப்பரில் இருக்கிற டிரிப் எல்லாம் ரோட்டில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டிரைவர் திடீர் லீவு, வண்டி எஃப்.சி.க்குப் போய்விட்டது, திருவிழா ஸ்பெஷலுக்கு ஒரு டவுன் வண்டியை இழுத்துவிட்டார்கள், அன்றைக்கு டிரிப் கட். கடைக்காரரின் மாமியார் நின்றாரே 6.10, அது ஓடாது என்று டிப்போவில் மதியமே தெரிந்திருக்கும். சில நாள் விடியற்காலை டியூட்டி போடும்போதே தெரியும். கண்ட்ரோலர் நோட்டில் எழுதுவார். டைம்கீப்பருக்குச் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் உத்தரவு கிடையாது. பிள்ளைகள் நாலு ஞாயிறு உட்கார்ந்து எழுதுவது ஞாயிற்றுக்கிழமை டைம் ஆகிவிடும். அதையும் கவனியுங்கள். காலேஜ் டிரிப் அன்றைக்கு ஏது?

தனியார் வண்டிக்காரர்கள் ஜிபிஎஸ்ஸை வெளியே காட்டச் சம்மதிக்க மாட்டார்கள் என்றும் நினைக்கிறேன். முன்னால் போகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் மூன்று நிமிட இடைவெளி. நான் எங்கே இருக்கிறேன் என்று பின்னால் வருகிறவனுக்கு நானே காட்டவா என்பார்கள்.

மூன்றாம் வருடம் சிவில்

ஞாயிறு விஷயம் உறைத்தது, நன்றி. வார நாட்களிலும் ஏறுகிறோம்.

டைம்கீப்பர் அண்ணன் சொன்ன பிறகு தேடிப்பார்த்தேன். ஜிடிஎஃப்எஸ்ஸின் நேரடிச் சேதிப் பகுதியில், ஒரு டிரிப்பை ‘ரத்து’ என்று குறிக்க வழி இருக்கிறது. அதற்கு வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதே இல்லை. கண்ட்ரோலர் நோட்டில் எழுதுவதை ஒரு போனிலும் தட்டினால் போதும். தனியார் பஸ்ஸோடு சண்டை இல்லாமல், ஜிபிஎஸ் கேட்டுக் காத்திருக்காமல், இதை மட்டும் முதலில் செய்யலாமா ஆச்சி?

கோட்டையூர் ஆச்சி

அதுதான் முதல் கோடு. டிப்போ என்று ஒரு பெட்டி, பயணி என்று ஒரு பெட்டி, நடுவே ‘இன்றைக்கு ஓடாது’ என்கிற சேதி. நன்றாகப் படி அப்பா.

கல்லுக்கட்டிக் கடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மனு எழுதியாகிவிட்டது. முதல் பக்கத்தில் மிஷின் எதுவும் இல்லை. ஆச்சி எண்ணிய அத்தனை அலுவலகத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, யார் யாருக்கு எதைச் சொல்வது என்று எழுதி வாங்க வேண்டும் என்று கலெக்டரிடம் கேட்டிருக்கிறோம். அதற்குக் கீழே, டிரிப் கட் ஆனால் தெரிந்த அரை மணிக்குள் பஸ் ஸ்டாண்டிலும் போனிலும் சொல்ல வேண்டும் என்பது. இரண்டாம் பக்கத்தில் ஒருவழித் தெரு, சரக்கு இறக்கும் நேரம். பலகை வைத்தால் கரண்ட் பில்லும் ரிப்பேரும் யாருடையது என்று வைப்பதற்கு முன்பே எழுத வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். குருவிக்கூட்டை எழுதவில்லை.

சங்கத்தில் இரண்டு பேருக்கு வருத்தம். “கேமராகூடக் கேட்காமல் என்னய்யா மனு” என்றார்கள். அவர்களுக்காக மூன்றாம் பக்கத்தில் கேமராவும் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சிவகங்கைக்குப் போய்க் கொடுக்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: புதுக்கோட்டைக் கலெக்டருக்கும் நகல் அனுப்ப வேண்டுமா ஆச்சி?

கோட்டையூர் ஆச்சி

அனுப்பு. திருச்சியிலிருந்து வருகிறவர்கள் திருமயத்தைத் தாண்டித்தானே வருகிறார்கள். அது அவர் பக்கம்.