ஃப்ளூ ஊசிக்குப் பிறகு தோள்வலி: இழப்பீடு கேட்கலாமா?

மீனா, எடிசன், நியூ ஜெர்சி:
போன அக்டோபரில் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். சட்டைக் கை மேலே ஏறவில்லை என்று கழுத்துப் பக்கமாக இறக்கிவிட்டு, தோள்முனையை ஒட்டிப் போட்டுவிட்டார்கள். அன்று இரவே இடது கை மேலே எழவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. எம்.ஆர்.ஐ., பிசியோதெரபி, இரண்டு கார்ட்டிசோன் ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னமும் எனக்குத் தலைபின்னிவிடுவது மகள்தான். இழப்பீடு கேட்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன், கேட்க முடியுமா? ஊசி போட்டது சின்னப் பெண். அவள் வேலைக்கு ஆபத்து வருமென்றால் எனக்கு இதுவே வேண்டாம்.

செந்தில், டாலஸ்:
மீனா, அந்தப் பெண் மேல் வழக்கே இல்லை, கடை மேலும் இல்லை. எதிர்த்தரப்பு அமெரிக்க அரசின் சுகாதாரத் துறைச் செயலர். ஒவ்வொரு ஃப்ளூ ஊசிக்கும் வாங்கும் 75 சென்ட் வரி ஒரு நிதியில் சேர்கிறது, பணம் அதிலிருந்துதான் வரும். குடியுரிமை தேவையில்லை. மனு போக வேண்டிய இடம் வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம்.

தோளில் தவறான இடத்தில் ஊசி இறங்கி வரும் இந்தப் பாதிப்பை ‘சிர்வா’ என்பார்கள். அந்தத் தோளில் முன்பு வலி இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் வலியிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.

எனக்கும் இதே பாதிப்பு வந்து மனு போட்டேன். நான் மாட்டிக்கொண்டது அந்த 48 மணி நேரத்தில்தான். தானே சரியாகிவிடும் என்று ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் போய்ப் பார்த்த டாக்டர் ‘சில வாரங்களாக வலி’ என்று எழுதிவிட்டார். வலி எப்போது தொடங்கியது என்று அதில் இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே அரசுத் தரப்பில் ஒரு வருடம் இழுத்தார்கள். ஊசி போட்ட இரவு திருச்சியில் இருக்கும் தம்பிக்கு ‘கை தூக்க முடியலடா’ என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் காப்பாற்றியது. பழைய செய்திகளை எதையும் அழிக்காதீர்கள். எந்தக் கையில் போட்டார்கள் என்ற பதிவையும் கடையில் கேட்டு வாங்குங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். கிடைக்கும் தொகையில் அவர்கள் பங்கு எடுக்க முடியாது, கட்டணத்தை நீதிமன்றமே தீர்மானிக்கும். நியாயமான அடிப்படையோடு போட்ட மனு என்றால், தோற்றாலும் அந்த நிதியிலிருந்தே கொடுப்பார்கள். வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். வைத்தியச் செலவும் சம்பள இழப்பும் தனிக் கணக்கு.

நான் இன்றும் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன். உட்கார்ந்து, தோள் முழுக்கத் தெரிகிற மாதிரி பனியன் போட்டுக்கொண்டு.

கவிதா, சான் ஹோசே:
என் மாமனாருக்குக் கோவிட் ஊசியால் வந்த பிரச்சினைக்கும் இதே வழிதானா?

செந்தில், டாலஸ்:
இல்லைங்க, அது வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான் அவகாசம், வக்கீல் செலவும் தர மாட்டார்கள். நாள் தாண்டவில்லை என்றால் இன்றே விண்ணப்பியுங்கள்.

மீனா, எடிசன்:
அன்று இரவு அம்மாவுக்கு அனுப்பிய குரல்பதிவு இருக்கிறது அண்ணா. ‘சீப்பைக்கூடப் பிடிக்க முடியலம்மா’ என்று அழுதிருக்கிறேன். நாளைக் காலை கடையில் பதிவைக் கேட்கப் போகிறேன்.