புதுப்பிப்பு: கன்டர் சங்கிலியும் ஆங்ஸ்ட்ராமும் – என் கணக்கில் ஒரு திருத்தம்

சென்ற வாரம் இந்த இழையைத் தொடங்கியபோது, நிலம் அளக்கப் பயன்பட்ட கன்டர் சங்கிலியின் நீளமான 66 அடியை 0.3048 மீட்டரால் பெருக்கி, 20.1168 மீட்டர், அதாவது 20,116.8 கோடி ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று எழுதியிருந்தேன். பெருக்கலில் பிழையில்லை, எந்த அடி என்பதில்தான் பிழை. நான் எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நில அளவைக் குறிப்பு என்பதால், 1959இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு அடியை அதற்குப் பொருத்தியிருக்கக் கூடாது. அங்கே நில அளவைக்கென 2022 இறுதி வரை நீடித்த அளவை அடியின் மதிப்பு 1200/3937 மீட்டர்.

அதன்படி சங்கிலி 20.11684023 மீட்டர் ஆகிறது. வேறுபாடு பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். நிலத்தில் அது 40 மைக்ரோமீட்டர், மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன். ஆங்ஸ்ட்ராமில் எழுதினாலோ 4,02,337 என்று மிரட்டுகிறது. சிலிக்கான் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டமான அலகுக் கூட்டின் பக்கம் 5.431 ஆங்ஸ்ட்ராம் என்பதால், ஏறத்தாழ 74,000 கூடுகளை வரிசையாக அடுக்கிய நீளம். (நம் ஊர்ச் சென்ட் சரியாக 1,000 சதுர லிங்க் (லிங்க் என்பது சங்கிலியில் நூறில் ஒரு பங்கு) என்பதால் இந்தச் சங்கிலி நமக்கும் அந்நியமல்ல.)

சங்கிலியின் நீளத்தைப் போர் ஆரத்தில் (Bohr radius, ஹைட்ரஜன் அணுவின் அளவைக் குறிக்கும் நீளம்) கேட்டிருந்தவருக்கு: 0.529177 ஆங்ஸ்ட்ராமால் வகுத்தால் 38,015 கோடி. இத்தனை இலக்கங்களுக்குள் எந்த அடியை எடுத்தாலும் விடை ஒன்றே.

இன்னொன்றையும் அப்போது கவனிக்கவில்லை. வெயிலில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே இரும்புச் சங்கிலி ஏறத்தாழ 0.24 மில்லிமீட்டர், அதாவது 24 லட்சம் ஆங்ஸ்ட்ராம் நீண்டுவிடும். நான் திருத்திய வேறுபாட்டைப் போல ஆறு மடங்கு. ஆகவே இந்த மாற்றங்களுக்காக நான் போட்ட அட்டவணையின் எண்களை ஐந்து இலக்கங்களோடு நிறுத்திவிட்டேன்.